மாத்திரை இல்லாத பத்து நாள்

"அப்போ மாத்திரைதான் காரணம்னு வச்சுக்கோயேன்," என்றாள் மூத்தவள். "அதை நிறுத்தினேன், உடம்புல நீலம் பாரிக்கிறதும் நின்னுடுச்சு."

"மாத்திரையாலயா, இல்ல என் வீட்டுல இருந்ததாலயான்னு இன்னைக்குத் தெரிஞ்சிடும்," என்றாள் இளையவள். "பேசாம கையை நீட்டு."

ஊசியை வைத்துக்கொண்டு அக்கா தங்கை இருவருக்கும் நடுவில் நான் நின்றிருந்தேன். ரத்தத்தில் இருக்கும் தட்டணுக்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை. காயம் பட்ட இடத்துக்கு ஓடிவந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓட்டையை அடைப்பவை அவை. வலி மாத்திரை போட்டால் சோம்பிப் படுத்துவிடும். அதனால் சோதனைக்கு முன் பத்து நாள் மாத்திரையைத் தொடக் கூடாது. அக்கா ஏமாற்றிவிடுவாள் என்று தங்கை அந்தப் பத்து நாளும் அவளைத் தன் வீட்டிலேயே வைத்துக் காவல் காத்திருக்கிறாள்.

அக்கா கணக்கு டீச்சர். முழுக்கைச் சட்டையைத் தானே சுருட்டி, முழங்கைக்குச் சற்று மேலே நிறுத்திக்கொண்டார். ரப்பர் பட்டை கட்ட அது போதாது. நான் இன்னும் ஏற்றினேன். மங்கி மஞ்சளாகிவிட்ட திட்டுகள். வெளிப்பக்கம் நான்கு, உட்பக்கம் ஒன்று. கையைப் பிடித்துத் திருப்பியபோது என் விரல்கள் சரியாக அவற்றின் மேலேயே போய் உட்கார்ந்தன. சட்டென்று எடுத்துக்கொண்டேன்.

"எனக்கு ரத்தம் லேசுல நிக்காதும்மா. பஞ்சு நிறைய எடுத்து வச்சுக்கோ," என்றார் டீச்சர்.

"அவ ரத்தம் ஆறா ஓடும், பக்கெட் கொண்டு வா," என்றாள் தங்கை.

ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஒருவரின் ரத்தமும் வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

"என்னோடதை எடுத்துக்குங்களேன்."

டீச்சரின் மகன். நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து வந்தான். கையில் அம்மாவுக்கு வாங்கிய பழச்சாறு.

"பெத்த பிள்ளை ரத்தம் ஆகாது," என்றேன். "அவங்களுக்குக் குறை இருந்தா உங்களுக்கும் இருக்கலாம்."

"குறை இருக்கத்தான் செய்யும்," என்று சிரித்தான். "நான் அப்பவே சொன்னேன்ல சித்தி? அம்மாவைத் தொட்டாலே நீலம் பாரிக்கும்."

"நீ தொடாம இருந்து பாரேன்," என்றாள் தங்கை.

அவன் சிரிப்பு மாறவில்லை. அம்மாவின் பக்கத்தில் குனிந்தான். "சாயங்காலம் நம்ம வீட்டுக்குப் போயிடலாம்மா. நீ இல்லாம பத்து நாள் எப்படி இருந்தேன்னு உனக்குத் தெரியாது." டீச்சர் அவன் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டார். நான் தட்டித் தட்டி எழுப்பி வைத்திருந்த நரம்பு உள்ளே போய் ஒளிந்துகொண்டது.

அவன் வெளியே போனதும் தங்கை குரலைத் தாழ்த்தினாள். "கேட்டுக்கோ. உன் ரத்தம் நல்லா இருக்குன்னு வந்தா, நான் இங்கேயிருந்து நேரா போலீஸ் ஸ்டேஷன்தான். உன் தவப்புதல்வனை அவங்க விசாரிக்கட்டும்."

வேறு நரம்பைத் தேடி ரத்தம் எடுத்து முடித்தேன். டீச்சர் ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து, விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் கழித்து நான் அதைக் கேட்டு வாங்கினேன். நடுவில் கடுகளவுக்கு ஒரு பொட்டு. அவ்வளவுதான்.

ஒப்பிடுவதற்கு வாசல் காவலாளி ரத்தம் கொடுத்தார். நாங்கள் அவரை மீசை என்போம். "அப்பழுக்கில்லாத ரத்தம். வீட்டுக்காரிதான் நம்ப மாட்டேங்கிறா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே சோதனை அறையில் இரண்டு ரத்தத்தையும் மெதுவாகச் சுழற்றி, மேலே தேங்கிய மஞ்சள் நீரை எடுத்தேன். தட்டணுக்கள் மிதப்பதால் அது கலங்கியிருக்கும். கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஊடே ஒளியைச் செலுத்தி, ஒரு சொட்டு மருந்து விட வேண்டும். தட்டணுக்கள் திரண்டுகொண்டால் நீர் தெளியும், ஒளி ஊடுருவும், திரையில் கோடு ஏறும். குறை இருந்தால் கோடு கிடந்த இடத்திலேயே கிடக்கும். வழக்கமாக ஏற வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன். இன்று என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

மருந்தை விடும்போது பின்னால் ஆள் நிற்பது தெரிந்தது. டீச்சர்.

"நானும் பார்க்கலாமா?"

"உள்ளே வரக் கூடாதும்மா," என்றேன். அவர் போகவில்லை. நானும் போகச் சொல்லவில்லை.

மீசையின் கோடு ஏறியது. டீச்சரின் கோடு சற்றே தயங்கியது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு அதுவும் ஏறியது, செங்குத்தாக, பக்கத்துக் கோட்டை உரசிக்கொண்டு. கணக்கு டீச்சருக்கு வரைபடத்தை விளக்க வேண்டியதில்லை.

"வேற மருந்து இருக்கா?"

இருந்தது. அதற்கும் ஏறியது. அடுத்ததற்கும் ஏறியது. குழாயில் நீர் பளிச்சென்று தெளிந்து, அடியில் வெள்ளைத் துணுக்குகள் சுழன்றன.

கதவின் மங்கலான கண்ணாடியில் உயரமான நிழல் வந்து நின்றது. "அம்மா, முடிஞ்சுதா?" மெல்லத்தான் கேட்டான். அதற்கு அப்பால் எங்கிருந்தோ தங்கையின் செருப்புச் சத்தம் நெருங்கியது.

டீச்சர் என் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அவன் பொய் சொல்றதில்லைம்மா. லேசாத்தான் பிடிச்சேன், உன் ரத்தம்தான் சரியில்லைன்னு சொல்லிச் சொல்லி அழுவான். நானும் ஆமாம்ப்பா, ரத்தம்தான்னு சொல்லுவேன். ரெண்டு பேரும் அதை நம்பித்தான் ஒரே வீட்டுல இருக்கோம். இது நல்ல ரத்தம்னு தெரிஞ்சா, அப்புறம் அவன் யாரு, நான் யாரு?"

கதவின் கைப்பிடி அசைந்தது.

"நிறைய வேண்டாம். அந்த மீசைக்காரர் கோட்டுக்கு ஒரு விரல்கடை கீழே இருந்தா போதும். கொஞ்சம் குறைன்னு எழுதிக் கொடும்மா."