குவியலுக்கு எத்தனை லிட்டர்

நான் முனகல் என்கிற ஆளுக்குத் தர வேண்டியிருந்தது நூற்றுப் பதினைந்து லிட்டர் இருநூறு மில்லி கோதுமை. பணமாக இருந்தால் யாரிடமாவது கைமாற்று வாங்கி அவன் முன்னால் வீசிவிட்டு வந்திருப்பேன். இது அப்படித் தீர்கிற கடன் இல்லை.

நாங்கள் எட்டுப் பேர் மாவு ஆலையில் மூட்டை தூக்குகிறவர்கள். கூலியில் பாதி பணம், மீதி கோதுமை. மாத முதல் சனிக்கிழமை ஆளுக்குப் பன்னிரண்டு படி. ஆலையில் தராசு உண்டு, ஆனால் அது லாரி ஏறி நிற்கிற தராசு. எங்களுக்குப் படிதான். என் தோள்பட்டை போன பிறகு மேஸ்திரி அளக்கிற வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார்.

படியைக் கோதுமைக்குள் முக்கித் தூக்குவேன். மேலே இன்னொரு கை அள்ளிப் போடுவேன். இனி ஒரு மணி போட்டாலும் சரியும் என்கிற நேரத்தில் சாக்கில் கவிழ்ப்பேன். விளிம்புக்கு மேலே எழும்பி நிற்கிற அந்தக் குவியலை யாரும் தனியாக நினைத்துப் பார்த்ததில்லை. படி என்றால் எங்களுக்குக் குவியலோடு சேர்ந்ததுதான்.

ஒருவனுக்கு மட்டும் அப்படி இல்லை. எதற்கெடுத்தாலும் வாய்க்குள்ளேயே பேசிக்கொள்வதால் அவனுக்கு முனகல் என்று பெயர். ஒரு நாள் காய்ச்சலோடு மூட்டைகளுக்குப் பின்னால் நான் படுத்துக் கிடந்ததை அவன் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டான். அரை நாள் கூலி போயிற்று. அந்த மாதத்திலிருந்து அவன் படியில் மட்டும் என் உள்ளங்கை விளிம்பை ஒட்டி வழித்துக்கொண்டு போனது. தலைதட்டிய படியும் படிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் சாக்கின் வாயைப் பிடித்தபடி ஏதோ முனகுவான். அவன் முனகுவது என்ன புதிதா என்று அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். இப்படி நாலு வருடம் ஓடியது.

பிறகு ஆலைக்கு லிட்டர் வந்தது. பழைய கணக்குப்பிள்ளை ஓய்வு பெற்றுப் போக, அந்த இடத்துக்கு ஒரு அம்மா வந்தார். கறார், ஆனால் முகம் பார்த்துப் பேசுகிறவர். படியை எடுத்துவிட்டு உயரமான ஒரு லிட்டர் குவளையை வைத்தார். சுவரில் ஓர் அட்டையை ஒட்டினார்.

"நீங்கதான் படிக்கத் தெரிஞ்சவராமே? எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுங்க" என்றார்.

நான் எழுத்துக் கற்றது நாற்பத்தெட்டாம் வயதில். சாயங்கால வகுப்பில் என் பேரனாக இருக்கக்கூடியவர்களோடு உட்கார்ந்து கற்றது. ஏழு பேர் முன்னால் நின்று வாசிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்! விரலை வைத்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். ஒரு படி, ஒன்றரை லிட்டர். பன்னிரண்டு படி, பதினெட்டு லிட்டர்.

"நீ என்னப்பா சொல்ற? சரியா வருமா?" என்று பீப்பாய் கேட்டான். வயிற்றை வைத்து வந்த பெயர்.

அவர்களுக்கு எதிரிலேயே படியைத் தலைதட்டி அளந்து குவளையில் கொட்டினேன். ஒன்றும் அரையும். கச்சிதம்.

"ஒரு மணி குறையல. கண்ணை மூடிக்கிட்டு வாங்கிக்கலாம்" என்றேன்.

வாங்கினார்கள். மூன்று மாதம் வாங்கினார்கள்.

மூன்றாம் மாதம் பீப்பாய் என்னைப் பிடித்துக்கொண்டான். "இருபத்தாறாம் தேதியே கோதுமை டின்னு தரை தட்டுதுய்யா. எம் பொண்டாட்டி நான் வித்துக் குடிச்சிட்டேன்னு சொல்றா. குடிக்காமலே திட்டு வாங்குறேன், இதுக்குக் குடிச்சாலாவது ஒரு நியாயம் இருக்கும்."

வீட்டில் என் மனைவியும் அதையே சொன்னாள். நீ அதிகமாக அள்ளிப் போட்டுச் சமைக்கிறாய் என்றேன். உள்ளே போய் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து கோதுமையைக் குவித்து அள்ளினாள்.

"இப்படித்தானே அளப்பீங்க?"

"ஆமா."

கிண்ணத்தின் மேல் கையை வழித்தாள். விழுந்த மணிகளைத் தரையில் கூட்டிச் சேர்த்தாள். "படிக்குத் தலை இருந்துச்சு. லிட்டருக்குத் தலை இல்ல. அட்டையில அதை எழுதியிருக்கா?"

எழுதியிருக்கவில்லை. வாசிக்கத் தெரியாதவன் அளந்து பார்த்திருப்பான். நான் வாசித்துவிட்டு, அட்டைக்குப் பொருந்துகிற மாதிரி அளந்து பார்த்தேன். இத்தனை வருடம் குவித்த கை அன்றைக்கு ஏன் தலைதட்டியது? ஒரு ஆளுக்குத் தட்டித் தட்டிப் பழகிய கை. அந்த நினைப்பு வந்ததும் பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் கணக்கம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை.

"குவியல் எவ்வளவுன்னு நான் எப்படி எழுதறது? ஒருத்தர் கைக்கு மலை, இன்னொருத்தர் கைக்கு மேடு. அளந்து காட்டுங்க. இதைத்தான் எல்லாரும் எப்பவும் வாங்கினோம்னு எட்டுப் பேரும் சொல்லணும். ஒருத்தர் இல்லைன்னாலும் அது கணக்கில்ல, தானம். தானத்தை நான் லிட்டர்ல எழுத முடியாது."

வெள்ளிக்கிழமை மதியம் கிடங்கில் கூடினோம். குவித்து ஐந்து படி அளந்தேன். அம்மா தானே குவளையில் ஊற்றி எண்ணினார். எட்டரை லிட்டர். தலைதட்டியிருந்தால் ஏழரை. ஆக ஒரு குவியலுக்கு இருநூறு மில்லி, பன்னிரண்டு படிக்கு இரண்டு லிட்டர் நானூறு. பீப்பாய் தொடையைத் தட்டினான். "என் டின்னோட நாலு நாளு இங்கதான் இருந்துச்சு!"

அம்மா ஒவ்வொருவராகக் கேட்டார். "உங்களுக்கும் இப்படித்தான் வந்துச்சா?"

ஆமாம், ஆமாம் என்று ஆறு பேர். என்னையும் சேர்த்து ஏழு. எட்டாவது ஆள் முனகல். அவன் வாயைத் திறக்கவில்லை. வாய்க்குள்ளும் பேசவில்லை.

"என்னய்யா, நாக்கு ஒட்டிக்கிச்சா? ஆமான்னு சொல்லித் தொலை" என்று பீப்பாய் இடித்தான்.

முனகல் என்னைப் பார்த்தான். "நான் என்ன சொல்லட்டும், அளவுக்காரரே? நீங்க சொல்றதையே சொல்லிடறேன்."

அப்போதுதான் புரிந்தது, நான் தட்டுவது அவனுக்கு முதல் மாதமே தெரியும் என்று. நான் தலையை ஆட்டினால் போதும். அவனும் ஆமாம் என்பான், எட்டு வீட்டு டின்னும் நிறையும். ஆட்டாவிட்டால் எல்லாம் போகும். தலையை ஆட்டத்தான் நினைத்தேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கலாம் என்று நான் சொன்னதை நம்பித்தான் இத்தனை பேர் ஏமாந்தார்கள். இன்னொரு பொய்யை இவன் வாயால் சொல்ல வைக்க எனக்குத் தெம்பில்லை.

"இவருக்குக் குவியல் கிடையாது. நாலு வருஷம். நான்தான் தட்டிட்டேன்" என்றேன்.

பீப்பாய், "அடப்பாவி மனுஷா, அதை இன்னைக்கா சொல்லணும்?" என்றான்.

அம்மா என் பக்கம் திரும்பினார். "எந்த மாசத்துலேருந்து?"

காய்ச்சல் வந்த மாதத்தைச் சொன்னேன். அலுவலகத்துக்குள் போய்ப் பழைய பேரேட்டை எடுத்துவந்து ஒரு மூட்டை மேல் வைத்துப் புரட்டினார். இருப்புக் கணக்கில் 'சிந்தல்' என்று ஒரு பத்தி. பழைய கணக்குப்பிள்ளை மாதாமாதம் பன்னிரண்டே முக்கால் படி சிந்தியதாக எழுதியிருந்தார். நான் சொன்ன மாதத்திலிருந்து பதினொன்றே கால். கடைசி மூன்று மாதம் பூஜ்யம்.

"இவ்வளவு சிந்தினா கிடங்குல எலி எல்லாம் யானை மாதிரி இருக்கணும்" என்றார் அம்மா. "மொதல்ல சுமார் பத்தொன்பது லிட்டர், எட்டுப் பேர் குவியல். அப்புறம் சுமார் பதினேழு, ஏழு பேர் குவியல். லிட்டர் வந்ததும் எதுவுமில்ல. நீங்க சொன்னதுக்கும் இதுக்கும் ஒத்துப்போகுது." பேரேட்டை மூடினார். "நீங்க எட்டுன்னு சொல்லியிருந்தா ஒத்துப்போயிருக்காது. ஒருத்தர் குவியல் உதைச்சிருக்கும்."

ஆளுக்கு இருபது லிட்டர் நானூறு மில்லி என்று எழுதினார். மூன்று மாதப் பாக்கியும் ஆளுக்கு ஏழு லிட்டர் இருநூறு. எல்லோரும் சாக்கு எடுக்க ஓடினார்கள். முனகல் மட்டும் நின்றான்.

"என் நாலு வருஷம்?"

"அதை ஆலை பிடிக்கல. அளந்தவர் கை பிடிச்சது" என்றார் அம்மா, என்னைப் பார்க்காமல்.

நாற்பத்தெட்டு மாதத்தை இரண்டு லிட்டர் நானூறால் பெருக்க எனக்குத் தாளும் பென்சிலும் வேண்டியிருந்தது. கையில் வந்த பாக்கி ஏழு லிட்டர் இருநூறை அங்கேயே அவன் சாக்கில் கொட்டினேன். மீதி நூற்றெட்டு லிட்டர். மாதம் என் பங்கில் இரண்டு லிட்டர் நானூறு அவனுக்கு என்று அம்மா ஒரு பக்கம் ஒதுக்கி எழுதிக்கொண்டார். நாற்பத்தைந்து மாதம்.

வீட்டில் சொன்னபோது மனைவி முறத்தைக் கீழே வைத்தாள். "உங்க கோவத்துக்கு நான் ஏங்க இருபத்தாறாம் தேதியே டின்னைச் சுரண்டணும்?" கேள்வி நியாயமானது. அடுத்த மாதத்திலிருந்து அவள் பக்கத்து வீட்டுக்கு மாவு சலித்துக் கொடுக்கப் போனாள்.

முனகல் ஒரு மாதம்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. குவளை நிறைந்ததும் குனிந்து விளிம்பைக் கண் மட்டத்தில் வைத்துப் பார்ப்பான். பார்த்த பிறகே சாக்கை விரிப்பான். முதல் வருடம் எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. பெரிய மனது பண்ணி, போகட்டும் விடு என்று சொல்லக்கூடாதா? அப்புறம் அந்த எதிர்பார்ப்பும் தேய்ந்துவிட்டது.

போன சனிக்கிழமை நாற்பத்தைந்தாவது மாதம். அளந்து முடித்தேன். அவன் சாக்கைக் கட்டிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தான்.

"இவன் ஒரு மாசமாவது விட்டுக் கொடுப்பான்னு பாத்திருப்ப, இல்ல?"

"பாத்தேன்."

"விட்டிருந்தா உனக்கு நல்ல பேரு வந்திருக்கும். எனக்கு நீ போட்ட பிச்சை ஆயிருக்கும். எனக்கு என் கோதுமைதான் வேணும்."

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

கணக்கம்மா அந்தப் பக்கத்தின் மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரை சிவப்பு மையால் கோடு இழுத்தார். கையெழுத்துப் போடச் சொன்னார். நான் போட்டேன். முனகல் கட்டை விரலை மையில் ஒற்றி என் கையெழுத்துக்குப் பக்கத்தில் அழுத்தினான். விரலைச் சாக்கில் துடைத்துக்கொண்டு, சாக்கைத் தோளில் ஏற்றிவிடச் சொன்னான். ஏற்றிவிட்டேன்.