மூக்குக்கு ஓர் இலை

மனித குலத்துக்கு வந்த, இனி வரப்போகிற எல்லா நோய்க்கும் இந்தப் பூமியில் எங்கோ ஓர் இலை முளைத்துக் காத்துக்கொண்டிருக்கிறது என்று அறிவித்தபடி அப்பா அந்த இலையைக் கோமதியின் மூக்குக்குக் கீழே நீட்டிப் பிடித்திருக்கிறார், கோமதி கண்ணை மூடிக்கொண்டு நிறைவயிற்றோடு நிற்கிறாள், அப்பா இன்னொரு கையால் துண்டை எடுத்துத் தன் மூக்கைச் சிந்துகிறார், ஒரு வாரமாக அவருக்குச் சளி, அதற்கான இலை மட்டும் இன்னும் முளைக்கவில்லை போலிருக்கிறது. என்ன இலைன்னு சொல்லு பாப்போம் தாயி. தெரியலையே மாமா. நல்லா இழுத்துப் பாரு. இழுத்துட்டேன் மாமா, காத்துதான் வருது. கோமதி என் மனைவி, ஏழாம் மாதத்தில் வந்த காய்ச்சல் அவளை விட்டுப் போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது, கடுகு தீய்ந்தாலும் தெரியவில்லை, பால் பொங்கி அடுப்பில் வழிந்தாலும் தெரியவில்லை, ரசத்துக்கும் வெந்நீருக்கும் கலர்தான் வித்தியாசம் என்றாள், அதையெல்லாம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், சிரிக்காமல் சொன்னது ஒன்றுதான், அவளுடைய அக்கா போனில் பேசும்போது, பெத்த பிள்ளையோட உச்சந்தலைக்குன்னு ஒரு வாசனை உண்டுட்டி, எத்தனை பிள்ளைக கூடக் கிடந்தாலும் தாய்க்காரி மோந்தே எடுத்துருவா என்று சொல்லியிருக்கிறாள், அன்று முழுதும் கோமதி சாப்பிடவில்லை, எம் பிள்ள வாசனை எனக்குத் தெரியாமலே போயிருமா என்று என்னிடம் கேட்டாள், நான் டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன், அதுவா வரும், பொறுமையா இருக்கணும், கூடத்தில் இருந்த அப்பா பேப்பரை மடித்து வைத்தார், பொறுமை எந்தச் செடியில காய்க்குதாம் என்று கேட்டுவிட்டுப் புழக்கடைக்கு நடந்தார்.

அப்பா, பூதலிங்கம், மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஓய்வு பெற்ற மறுநாளே பொதிகைமலைக் காற்று தன்னைக் கூப்பிட்டதாகச் சொல்வார், கூப்பிட்டது காற்றாகவே இருக்கட்டும், செடிகளைக் கொடுத்தது அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டை ஒட்டியிருக்கிற நர்சரி. மூலிகையைச் சூரிய உதயத்துக்கு முன்னால் பறிக்க வேண்டும், பறிக்கிறவன் நிழல் அதன்மேல் விழக்கூடாது, மஞ்சள் நூல் கட்டி மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கிள்ள வேண்டும் என்பார், எட்டு மணிக்கு எழுந்து வந்து மன்னிப்புக் கேட்பார், வெயில் வந்துட்டேப்பா என்றால், தண்ணித்தொட்டிக்கு மேல ஏறினாத்தாம்ல உதயம். விளக்கு வைத்த பிறகு வசம்பின் பேரை வாயால் சொல்லமாட்டார், அந்தப் பேர் சொல்லாததை எடுத்துட்டு வால என்பார், நான் சுக்கை எடுத்துக்கொண்டு போவேன், திட்டு வாங்குவேன். ஆனால் அவருடைய ராஜ்ஜியத்தில் பட்டத்துராணி ஓமவல்லிதான், வாசல் கேட்டில் ஒரு தொட்டி, பின்கதவில் ஒரு தொட்டி, மோட்டார் ரூமை ஒட்டி ஒரு தொட்டி, எந்தப் பக்கமாக வீட்டுக்குள் நுழைந்தாலும் கைக்கெட்டுகிற தூரத்தில் அந்தத் தடித்த இலை, அவருடைய சிநேகிதர் ஆவுடையப்பன் ஒருதரம் கேட்டார், வே பூதலிங்கம், வீட்டைச் சுத்திக் காவலுக்கா நட்டிருக்கீரு. சளிக்கு வே, நெஞ்சுக் கபத்துக்கு, பஜ்ஜி போட்டாலும் ருசிதான் என்றார் அப்பா. காவலுக்குத்தான் என்று எனக்குத் தெரியும். புழக்கடைக் கொய்யாமரத்துக்குப் பின்னால் நின்று பீடி குடித்துவிட்டு வருகிற மனிதன் எந்த வாசல் வழியாக வந்தாலும் ஓர் இலையைக் கிள்ளி மென்றுவிட்டு உள்ளே வரலாம், அம்மா இருந்தவரைக்கும் அதையும் தாண்டிக் கண்டுபிடிப்பாள், அம்மா போன பிறகு அந்தப் பொறுப்பு கோமதிக்கு வந்தது, அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்பாள், மாமா, இன்னைக்கு ரெண்டா? ஒண்ணுதான் தாயி, சத்தியமா. ஓமவல்லியைத் தாண்டி வருது மாமா. அப்பா வெட்கப்பட்டுச் சிரிப்பார், அம்மா போன வீட்டில் அவர் சிரிக்கிற ஒரே நேரம் அது.

அந்த மூக்குதான் போய்விட்டது, அப்பாவுக்கு விடுதலை என்று நான் நினைத்தேன், இலை மெல்லுவதைக்கூட நிறுத்திவிட்டாரே, கொய்யாமரத்திலிருந்து நேராக அடுப்படிக்கு வருகிறார், கோமதிக்குப் பின்னால் நிற்கிறார், எனக்கு இரண்டு அறை தள்ளி நாறுகிறது, என்ன மாமா, தண்ணி வேணுமா, ஒண்ணுமில்ல தாயி, இன்னும் கொஞ்சம் நிற்கிறார், மூச்சை நன்றாக வெளியே விடுகிறார், திரும்பிப் போகிறார், மறுநாளும் வருகிறார், அப்புறம்தான் எனக்கு விளங்கியது, தன்னிடம் இருக்கிற வாசனைகளிலேயே காட்டமானதை அவர் கொண்டுவந்து காட்டிக்கொண்டிருந்தார், மாமா ரெண்டா என்று அவள் கேட்டுவிட மாட்டாளா என்று நின்றுகொண்டிருந்தார். காலையில் இலை, சாயங்காலம் பீடி. நொச்சியும் துளசியும் போட்டு ஆவி பிடிக்கவைத்தார், திருநீற்றுப்பச்சிலையைக் கசக்கினார், மருக்கொழுந்தை அவள் தலையணையில் பரப்பினார், அவள் தும்மினாள், தும்மல் நல்ல அறிகுறி என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார், புதினாத் துவையல், தூதுவளை ரசம், எல்லாவற்றையும் கோமதி புல் தின்கிற மாதிரி தின்றாள், தினமும் கண்ணை மூடினாள், தினமும் தெரியலையே மாமா. ஒருநாள் கண்ணை மூடியவள் வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டாள், துளசி, மாமா, என்றாள். அப்பா கையில் இருந்தது புதினா. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அப்பா அந்தப் புதினாவை உள்ளங்கைக்குள் மடக்குகிறார், சபாஷ் தாயி, துளசியேதான், என்கிறார், கோமதி சிரிக்கிறாள், அவரும் சிரிக்கிறார், இரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, அன்றைக்குக் கொய்யாமரத்துக்குப் பின்னால் போனவர் வெகுநேரம் வரவில்லை, நான் போய்ப் பார்த்தபோது பீடி பற்றவைக்காமலே விரலிடுக்கில் இருந்தது, மின்கம்பம் ஏறுகிறவன் பார்ப்பதுபோல மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார், என்னப்பா என்றேன், இந்தக் கொய்யா இலையை இன்னும் காட்டலயில்ல, என்றார். பிறகு மத்தியானத் தூக்கங்களில் எனக்கு அதே கனவு, அப்பா என் மூக்குக்குக் கீழே இலை இலையாகப் பிடிக்கிறார், எனக்கும் எதுவும் வரவில்லை, அம்மா எங்கிருந்தோ, அவர் பொய் சொல்லுதார்ல என்கிறாள், நான் துளசி துளசி என்று சொல்லிக்கொண்டே விழித்துக்கொள்கிறேன், கோமதி பக்கத்தில் படுத்திருக்கிறாள், அவள் பக்கத்தில் இப்போது குழந்தை, எப்போது பிறந்தது, பிறந்துவிட்டது, பெண், கையில் வசம்பு வளையல், கோமதி அதன் உச்சந்தலையில் மூக்கை வைத்திருக்கிறாள், பால் குடிக்கும்போது, தூங்கும்போது, குளிப்பாட்டித் துவட்டும்போது, பூட்டின கதவைத் திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்ப்பதுபோல, அப்பா அதைப் பார்க்கும்போதெல்லாம் தலையைத் திருப்பிக்கொள்கிறார், குழந்தையைத் தொடுவதென்றால் குளித்து, வாய் கொப்பளித்து, இலையை மென்று, அதன் பிறகுதான் தொடுகிறார்.

பேர் வைக்கிற அன்று வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது, அப்பா ஒரு சொற்பொழிவு வைத்திருந்தார், மூலிகையும் நம் குலமும், பெண்களின் மூக்கைத் தமிழன் எப்படிக் காத்தான் என்கிற பகுதியை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் காலையிலிருந்தே கொய்யாமரத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார், நல்ல நேரம் முடியப்போகுது, தாத்தா எங்க, காதில பேர் சொல்லணும்லா, என்று பந்தலில் சத்தம் போட்டார்கள், அப்பா மரத்தடியிலிருந்து ஓடிவருகிறார், பின்கதவுத் தொட்டியைத் தாண்டி, கிள்ளவில்லை, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து குழந்தையை வாங்கி, குனிந்து, அதன் காதோரம் உதட்டை வைத்துப் பேரை மூன்று தரம் சொல்கிறார், குழந்தையைக் கோமதியிடம் கொடுக்கிறார், கோமதி பழக்கதோஷத்தில் உச்சந்தலையில் மூக்கை வைக்கிறாள், எடுக்கவில்லை, எடுக்கவேயில்லை, நான் தொட்டேன், அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. மாமா. என்ன தாயி. பீடி. பந்தலே அவளைத் திரும்பிப் பார்க்கிறது, அவளுக்கு அது தெரியவில்லை, பீடி வருது மாமா, பீடி வருது, என்று அழுதுகொண்டே உரக்கச் சொல்கிறாள், சிரிக்கிறாள், ரெண்டு குடிச்சிருக்கீங்க மாமா! மூணு தாயி, என்றார் அப்பா, கை கூப்பியபடி, சம்பந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் நடுவில். ஆவுடையப்பன்தான் முதலில் வாயைத் திறந்தார், இத்தனை இலை கசக்கினீரே வே, எந்த இலை வேலை செஞ்சுதுன்னு சொல்லும், ஊருக்கு உதவும். அப்பா வாசல் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். விடும் வே, பீடியைச் சுத்துறதும் இலைதானே, என்றார் ஆவுடையப்பனே. எல்லோரும் சிரித்தார்கள், அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், சொற்பொழிவை மறந்துவிட்டார், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார், வேற ஒண்ணும் வரலியா தாயி, பிள்ள வாசனை? கோமதி மறுபடியும் அந்தச் சின்னத் தலையில் முகத்தைப் புதைத்தாள், நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், அவள் நிமிர்கிறாள், இன்னும் இல்ல மாமா, நாளைக்கு வரும். அன்றைக்கு எங்கள் மகளின் உச்சந்தலையில் அவள் அம்மாவுக்கு மணத்தது பீடி மட்டும்தான்.