அடக்கத்துக்கு ஒரு மனு

வக்கீல் இசைவாணி திண்டிவனத்தில் தன் ஆபீஸ் பூட்டைத் திறக்கும்போதே ஆரோக்கியசெல்வி படியில் நின்றுகொண்டிருந்தாள். மயிலத்துக்குப் பக்கத்துக் கிராமத்துப் பெண். மாதா கோயில் திருவிழாவில் நடந்த அடிதடியில் அவள் அண்ணன் அலெக்ஸ் கைதாகி விழுப்புரம் ஜெயிலில் இருந்தான். அந்த வழக்கை இசைவாணிதான் பார்த்து வந்தாள்.

“அக்கா, விடிகாலைல அப்பா போயிட்டாரு. சாயந்திரம் அடக்கம். அண்ணன் வந்து முகத்தைப் பார்க்கணும்னு அம்மா அழுதுக்கினே இருக்குது.”

இசைவாணி அவளை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தாள். போலீஸ் காவலோடு போய்வர அனுமதி கேட்டு மனு போடலாம். மாஜிஸ்திரேட் மதியத்துக்கு மேல் திண்டிவனத்தில் இருக்கமாட்டார். அதற்குள் கோர்ட்டில் கொடுத்துவிட வேண்டும்.

“அரை மணி நேரத்துல முடிச்சிடலாம்மா” என்றாள்.

போன மழையில் பழைய கம்ப்யூட்டர் எரிந்துபோனது. சென்னையில் வேலை பார்க்கும் தம்பி அறிவுச்செல்வன் ஒன்றை அனுப்பியிருந்தான். அதில் விண்டோஸ் இல்லை. வேறு சிஸ்டம், வேறு ஆபீஸ் சாஃப்ட்வேர். வைரஸ் வராது, காசும் கட்ட வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தான். அது வந்த நாளிலிருந்து நிம்மதி இல்லை. ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் ஏதாவது ஒன்று இடம் மாறியிருக்கும், இல்லையென்றால் காணாமல் போயிருக்கும்.

அன்றைக்கு மனுவின் முதல் பத்தியை அடித்ததும் திரை அப்படியே நின்றது. பிறகு தானாக மூடிக்கொண்டது. திறந்தாள். அடித்ததை மீட்டுத் தரட்டுமா என்று கேட்டது. சரி என்றாள். பாதி வந்தது. நம்பிக்கையோடு மீதியை அடித்தாள். மறுபடி மூடிக்கொண்டது. இந்த முறை மீட்டுக் கொடுத்ததில் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது.

தம்பிக்குப் போன் போட்டாள்.

“நேத்து அப்டேட் ஆகியிருக்கும்க்கா. ரீஸ்டார்ட் பண்ணிப் பாரேன்.”

ரீஸ்டார்ட் பண்ணினாள். இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது, அணைக்க வேண்டாம் என்று திரை சொன்னது. செல்வி எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தாலுகா ஆபீஸ் பக்கம் டைப் அடித்துக் கொடுக்கும் கடைகள் இருந்தன. எழுந்து போயிருக்கலாம். இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று இசைவாணி அந்தத் திரையின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் சிஸ்டம் வந்ததும் முழு மனுவையும் திரும்ப அடித்தாள்; பிரிண்ட் கொடுத்த நொடியில் எல்லாம் மூடிக்கொண்டது. மேசையிலிருந்த வெள்ளைத் தாளை இழுத்துப் பேனாவால் எழுத ஆரம்பித்தாள். வருஷக்கணக்கில் கையால் மனு எழுதியதில்லை. எழுத்து கோணல்மாணலாக விழுந்தது.

மாஜிஸ்திரேட் எழுந்துகொள்ளப் போகும் நேரத்தில்தான் மனு அவர் கைக்குப் போனது. படித்தார். அனுமதித்துக் கையெழுத்துப் போட்டார்.

“காலையிலயே கொண்டுவந்திருந்தா போலீஸ் எஸ்கார்ட் சுருக்கா கிடைச்சிருக்குமேம்மா” என்றார். இசைவாணி தலைகுனிந்து நின்றாள்.

உத்தரவு ஜெயிலுக்குப் போய், காவலுக்குப் போலீஸ்காரர்கள் கிடைத்து, வேன் கிளம்ப நேரமாகிவிட்டது. இசைவாணி செல்வியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போனாள். அடக்கம் நடத்த வேண்டிய பங்குச் சாமியாருக்கு அடுத்த ஊரில் பூசை இருந்தது. முடிந்தவரைக்கும் காத்திருந்தார்கள். பிறகு பெட்டியைத் தூக்கினார்கள். கல்லறைத் தோட்டத்தில் செல்வி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மண் மூடி முடித்து, பாதிப் பேர் கலைந்த பிறகு வேன் வந்தது. அலெக்ஸ் இறங்கிப் புது மண் மேட்டைப் பார்த்தான். போலீஸ்காரர் விலங்கைக் கழற்றிவிட்டார். அவன் முழங்காலிட்டு ஈர மண்ணில் நெற்றியை வைத்துக்கொண்டு கிடந்தான்.

இசைவாணி செல்வியின் பக்கத்தில் போய் நின்றாள்.

“என்னாலதாம்மா லேட்டாயிடுச்சு. அந்தக் கம்ப்யூட்டரை விட்டுட்டு அப்பவே எழுந்திருக்கணும்.”

“தெரியும்க்கா” என்றாள் செல்வி. “நான் பார்த்துக்கினுதானே இருந்தேன்.”

அதில் கோபம் இல்லை. சமாதானமும் இல்லை.

போலீஸ்காரர் கிளம்பலாம் என்றதும், அலெக்ஸின் அம்மா அம்மணி குறுக்கே வந்தாள்.

“சார், புள்ள காலைலேர்ந்து எதுவும் துன்னிருக்காது. ரெண்டு வாய் துன்னுட்டு வரட்டும் சார்.”

அவர் சரி என்று தலையாட்டினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சோறு கொண்டுவந்தார்கள். வேன் படியில் மகனை உட்கார வைத்து, அம்மணி பிசைந்து ஊட்டினாள். அவன் அழுதுகொண்டே மென்றான்.