மூன்று மணி நேரத்து ஊர்

பஸ் ஸ்டாண்டில் முப்பது வருஷம் டைம் கீப்பராக இருந்த மனுஷன். ஓய்வு பெற்ற பிறகும் அதுதான் அவருக்குப் பேர், கட்டிய மனைவியே "என்ன டைம் கீப்பரே, டீ வேணுமா?" என்றுதான் கேட்பாள். வண்டி கிளம்பும் நேரத்தையும் போய்ச் சேரும் நேரத்தையும் சொன்னால் போதும், கழித்துப் பார்த்து விடையை நாக்கு நுனியில் வைத்திருப்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன் மகள் வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்ட அன்றும், டிக்கெட்டை வாங்கிக் கழித்துத்தான் பார்த்தார். காலை பத்துக்குக் கிளம்புகிறது, பகல் ஒன்றுக்கு இறங்குகிறது. "அட, மூணு மணி நேரம்தானா! இதுக்கா கண்ணைக் கசக்கிட்டு நிக்கிற?" என்று மனைவியை அதட்டினார். மகள் போய்ச் சேர்ந்த தகவல் மறுநாள் காலைதான் வந்தது. இறங்கினவுடனே கூப்பிட என்ன கேடு என்று கோபித்துக்கொண்டாரே தவிர, தன் கணக்கைச் சந்தேகப்படவில்லை. இங்கே பகல் என்றால் அங்கே ராத்திரி என்று அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? அதையும் இதையும் முடிச்சுப் போடத் தோன்றவில்லையே. அவர் பார்த்த வண்டிகளெல்லாம் ஒரே கடிகாரத்துக்கு ஓடியவை.

மனைவிக்கு நுரையீரலில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, "நம்ம பொண்ணை வரச் சொல்லுங்களேன், ஒரு தடவை பாத்துக்கிறேன்" என்றாள்.

"லீவு கேட்டா அவ வேலை என்னாகும்? தேவைன்னா மூணு மணி நேரத்துல வந்து நிப்பா."

கெட்டவர் இல்லை. மகள் பிழைப்பில் மண் விழக்கூடாது என்று நினைத்தார், அவ்வளவுதான். அவளிடமும் "அம்மாவுக்கு வெறும் சளி" என்று மழுப்பினார். நாலு நாள் இப்படியே போயிற்று.

ஐந்தாம் நாள் காலை டாக்டர் அவரை வராந்தாவுக்கு அழைத்தார். "சாயங்காலம் வரைக்கும் தாங்கினாலே பெரிசு. சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க."

அங்கேயே நின்று மகளைக் கூப்பிட்டார். "அம்மாவுக்கு ரொம்ப முடியல. உடனே கிளம்பும்மா, மத்தியானத்துக்குள்ள வந்துடலாம்."

"என்னப்பா பேசுறீங்க? பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேலப்பா! பறக்கவே பதிமூணரை மணி நேரம். இங்க இப்ப ராத்திரி, இனி காலையிலதான் ஃப்ளைட்டே."

"அன்னிக்கு டிக்கெட்ல ஒரு மணின்னு போட்டிருந்துதே?"

"அது இந்த ஊரு ஒரு மணிப்பா. உங்களுக்கு அப்ப ராத்திரி பதினொண்ணரை." சொல்லிக்கொண்டே அழ ஆரம்பித்துவிட்டாள்.

அவர் போனை வைத்துவிட்டார். கட்டிலருகே போனார். மனைவி கண்ணாலேயே கேட்டாள். "கிளம்பிட்டா" என்றார். பாழாய்ப்போன வாய் அதோடு நின்றதா? "மூணு மணி நேரம்தானே" என்று சேர்த்துச் சொன்னது.

அவள் அதை நம்பினாள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது, பார்வை மட்டும் சுவர்க் கடிகாரத்துக்கும் வாசலுக்கும் போய்ப் போய் வந்தது. மூன்று மணி நேரம் ஆயிற்று, அதற்கு மேலும் ஆயிற்று. அவர் விரலைப் பிடித்து லேசாகச் சிரித்தாள்.

"என்ன டைம் கீப்பரே, உங்க வண்டி லேட்டு."

"வந்துடும்மா" என்றார். இருட்டுவதற்குள் அவள் போய்விட்டாள். கண் கடைசிவரை வாசலில்தான் இருந்தது.

மறுநாள் காலை மகள் வந்தாள். அம்மாவின் கன்னத்தை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினாள். "நாலு நாளா ஏம்பா சொல்லல?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"கழிச்சுத்தான் பாத்தேம்மா" என்றார்.