கயிறு தெரிகிற ஒரே படம்

வந்திருந்தோர்:

தனேஸ்வரன் மாஸ்டர், தலைவர். எந்தக் கணக்கையும் சேராதவர்.
வடிவம்மா, மேக்கணக்கு சார்பில்.
லிங்கம், கீழ்க்கணக்கு சார்பில்.
கௌசிகா, காரியதரிசி.
ரெங்கம்மா, அங்கத்தவர் அல்ல. சாவி அவரிடம் இருப்பதால் வந்தார்.
கறுப்பு நாய் ஒன்று. வெளியே போக மறுத்தது.

கடைசி வரியைப் போனில் தட்டிவிட்டு, அழிக்கலாமா என்று கௌசிகா யோசித்தாள். நாயும் வந்திருந்தது உண்மைதானே என்று விட்டுவிட்டாள்.

தெமோதரையில் ரயிலைவிட்டு இறங்கி நாற்பது நிமிடம் ஏறினால் வரும் தேயிலைத் தோட்டம் அது. மலையின் மேற்பாதி லயங்களுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, மேக்கணக்கு என்று பெயர், கீழ்ப்பாதிக்குக் கீழ்க்கணக்கு. நடுவில் மாரியம்மன் கோயில். கோயில் கமிட்டி கூடுவதற்கென்று தனியாக இடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைக்காம்பரா சும்மா கிடக்கும் என்பதால் அங்கேதான் கூட்டம். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம். அங்கே இருக்கிற நாற்காலிகள் மூன்று வயதுப் பிள்ளைக்குச் செய்தவை. மாஸ்டர் உட்கார்ந்தால் முழங்கால் காதை முட்டும். லிங்கம் ஒன்றை ஏற்கெனவே உடைத்திருந்ததால் ரெங்கம்மா அவருக்கு மட்டும் தரையில் சாக்கு விரித்திருந்தாள்.

“நாலு மணிக்குப் பூட்டிருவேன். யாரு உள்ள இருந்தாலும் சரி,” என்றாள் ரெங்கம்மா. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பெரியவர்களிடமும் அதே குரல்தான்.

அன்றைக்குப் பேச வேண்டியவை இரண்டு. பங்குனித் தேரில் வலக்கயிறு யாருக்கு என்பது முதலாவது. திருவிழாவை யார் படம் எடுப்பது என்பது இரண்டாவது. முதலாவதில் கௌசிகாவுக்கு அக்கறை இல்லை. மேக்கணக்கில் பிறந்து கீழ்க்கணக்கில் வாழ்க்கைப்பட்டவள் அவள். எந்தக் கயிறு வென்றாலும் ஒரு வீட்டில் திட்டு விழும். இரண்டாவதுக்காகத்தான் அவள் மூன்று வாரமாகத் தூங்காமல் கிடந்தாள்.

கணவன் துவாரகனுக்குக் கொழும்பில் வேலை. அவன் பதுளையில் நௌபர் கடையில் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன போன் அவளிடம் இரண்டு வருடமாக இருக்கிறது. அதில் அவள் பேசியது குறைவு. கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தாள். பருப்புக் கொதிக்கும்போது, பீர்க்கம்பூவில் வண்டு உட்காரும்போது, பெரகல சந்தியில் பஸ் நேரம் எழுதிய பலகையை, மழைக்கு முன்னால் மலை நீலமாகும்போது. லயத்தில் யாருக்காவது மருந்துப் பெயர் மறந்தால், எப்போதோ அவள் எடுத்துவைத்த மருந்து மட்டையின் படத்தைத் தேடி வருவார்கள். மாமனார் லிங்கத்துக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

“சோத்தப் போட்டா சாமிக்குக் காட்டுற மாதிரி மொத போனுக்குக் காட்டுறா. நமக்கு வாரப்ப ஆறிப்போவுது,” என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

போன வருடம் படம் எடுக்க ஸ்டூடியோக்காரர் ஒருவரை வரவழைத்தார்கள். ஆல்பத்தில் நாற்பத்தெட்டுப் படங்கள். முப்பத்தொன்றில் தோட்டத்துத் துரை மாலையோடு நின்றார். மீதியில் துரையின் மனைவி. தோட்டத்து ஆட்களில் தெரிந்தது வடிவம்மாவின் முழங்கை மட்டும். அந்த முழங்கையும் வடிவம்மாவுடையது என்பது வளையலை வைத்துக் கண்டுபிடித்ததுதான். இந்த வருடம் தன்னை எடுக்க விடுங்கள் என்று கௌசிகா கேட்டிருந்தாள். தேருக்கு முன்னால், கயிற்றுக்குள் நின்று எடுக்கக் கமிட்டி அனுமதி வேண்டும். பெண் யாரும் இதுவரை அங்கே நின்றதில்லை.

“முதல்ல கயிறு,” என்றார் மாஸ்டர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதினாறு வருடமாகத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவர். “போன முறை வலக்கயிறு ஆர் பிடிச்சது எண்டு தெரிஞ்சால் அலுவல் முடிஞ்சுது.”

அதுதான் தெரியவில்லை. வலக்கயிறும் இடக்கயிறும் வருடத்துக்கு வருடம் மாறும். வலக்கயிறு பிடிக்கிற கணக்குக்குத்தான் தேர் முதலில் போகும். மற்றவர்களுக்கு வரும்போது பொழுது சாய்ந்து, மழை பிடித்து, தட்டில் வைத்த வாழைப்பழம் கறுத்துவிடும். போன வருடம் தேர் கோயில் வாசலில் பதினைந்து அடி நகர்ந்ததும் அச்சு முறிந்தது. எந்த லயத்துக்கும் போகவில்லை. அதற்கு முந்தைய இரண்டு வருடம் திருவிழாவே நடக்கவில்லை. நடக்காத வருடத்தை முறையில் சேர்ப்பதா இல்லையா என்பதில் ஆளுக்கு ஒரு நியாயம். பழைய காரியதரிசி எழுதிய குறிப்பில் ஒரே வரிதான் இருந்தது: ‘வழக்கம்போல் தேர் இழுக்கப்பட்டது.’

“நாங்கதான் எடக்கயிறு. எனக்கு நல்லா ஞாபகம்,” என்றார் லிங்கம்.

“அண்ணே, நேத்து காலைல என்னா சாப்பிட்டீங்கன்னு சொல்லுங்க,” என்றாள் வடிவம்மா. அவள் கௌசிகாவின் சித்தி. தொழிற்சங்கத்துத் தலைவி. துரையிடமே உட்கார்ந்துதான் பேசுவாள்.

“அது எதுக்கு?”

“ஞாபகம் எம்புட்டுன்னு பாக்கத்தான்.”

லிங்கம் யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார்.

“பதினஞ்சு அடிதானே போச்சு. அத ஒரு முறைன்னு எடுக்கணுமா?” என்று ரெங்கம்மா இடையில் கேட்டாள்.

“கயித்தத் தொட்டாச்சுன்னா முறை முடிஞ்சது,” என்றார் லிங்கம். “சாமி காரியத்துல அடி அளக்கக் கூடாது. எழுதிக்க புள்ள.”

கௌசிகா எழுதிக்கொண்டாள். மாஸ்டர் அவள் பக்கம் திரும்பினார். “பிள்ளை, உம்மட போனில ஒண்டும் இல்லையோ?”

கயிறு பிடிக்கிற கையில் போன் இருக்கக் கூடாது என்பது கமிட்டி போட்ட சட்டம். போன வருடம் பலாக்காய் வெட்டும்போது கையைக் கிழித்துக்கொண்டு, தையல் போட்டு, கயிறு பிடிக்காமல் நின்றவள் கௌசிகா ஒருத்திதான். அன்றைக்கு எடுத்த நூற்றுப் பன்னிரண்டு படங்களையும் அவள் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பூ, தேங்காய், தப்புக் குச்சி, நனைந்த நாய், முறிந்த அச்சு. கயிறு தெரிகிற படம் ஒன்றே ஒன்று. கயிறு முடிகிற இடத்துக்கு அப்பால் தேருக்கு முதுகைக் காட்டி நின்று தன்னையும் சேர்த்து எடுத்த செல்ஃபி. முன்னால் அவள் முகம், பின்னால் தேர், இரண்டு பக்கமும் ஆட்கள்.

நான்கு தலைகள் போனுக்கு மேல் முட்டிக்கொண்டன. படத்தின் இடப்பக்கத்துக் கயிற்றில் வடிவம்மா பச்சைச் சேலையில் வாயைத் திறந்துகொண்டு நின்றாள். வலப்பக்கத்துக் கயிற்றில் லிங்கம் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

“பாத்தீங்களா, நீங்கதான் வலப்பக்கம்,” என்றாள் வடிவம்மா.

“பொறுங்கோ, பொறுங்கோ.” மாஸ்டர் எழுந்து பிள்ளைகளின் கரும்பலகையில் கோழிப் படத்துக்குப் பக்கத்தில் தேர் ஒன்றை வரைந்தார். “தேர் எங்களைப் பாத்து வருது. அப்ப படத்தில இடப்பக்கம் நிக்கிறது அம்மனுக்கு வலப்பக்கம். வலக்கயிறு எண்டால் அம்மன்ர வலக்கைப் பக்கம். விளங்குதோ? அப்ப போன முறை வலக்கயிறு மேக்கணக்குக்கு. இந்த முறை கீழ்க்கணக்குக்கு.”

வடிவம்மா தன் கையை நீட்டி, திரும்பி நின்று, மறுபடி திரும்பிப் பார்த்தாள். மாஸ்டர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. கணக்கு வாத்தியாரோடு எப்படி மல்லுக்கு நிற்பது?

லிங்கம் சாக்கிலிருந்து எழுந்தேவிட்டார். “என் மருமகப் புள்ள எடுத்த படம். பொய் சொல்லுமா? இந்தப் போனுக்குள்ள அம்புட்டு வெவரம் இருக்கு. எழுதிக்க, கௌசி. வலக்கயிறு கீழ்க்கணக்கு. அப்புறம் ரெண்டாவது விசயம். படமும் நீயே எடு. எனக்குச் சம்மதம்.” சொல்லிக்கொண்டே இடக்கையால் கரும்பலகையில் ஓங்கித் தட்டினார். கோழி பாதி அழிந்தது.

அந்தக் கையில்தான் கடிகாரம் இருந்தது. லிங்கம் கங்காணி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது தோட்டத்தில் கொடுத்தது. குளிக்கும்போதும் கழற்ற மாட்டார். கௌசிகா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அது அவருடைய இடக்கையில்தான் இருக்கிறது.

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். கயிற்றுக்கு மேல் தூக்கிய கையில் கடிகாரம் பளபளத்தது. வலக்கையில்.

பெரிதாக்கியதைத் தன் முகத்துக்கு நகர்த்தினாள். மூக்குத்தி இடது மூக்கில் இருந்தது. விரலை வைத்து மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். வலது மூக்கில் இருந்தது. இரண்டு வருடமாகத் தன் முகத்தை அந்தப் போனில் பார்க்கிறாள், ஒரு நாளும் கண்ணில் படவில்லை. கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம்தானே என்று நம்பியிருக்கிறாள். கண்ணாடியில் பார்க்கிற முகம் என்பதுதான் கோளாறே. அந்தப் போன் செல்ஃபியைக் கண்ணாடி போலவே இடம் வலம் மாற்றிப் பதிந்திருந்தது.

அப்படியானால் கயிறும் மாறித்தான் நிற்கிறது. போன வருடம் வலக்கயிறு பிடித்தது கீழ்க்கணக்கு. இந்த வருடம் முறை மேக்கணக்குக்கு.

அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் எல்லாம் முடிந்தது. மாமா சம்மதம் சொல்லிவிட்டார், மாஸ்டருக்கு எப்போதும் சம்மதம், தேருக்கு முன்னால் நிற்கலாம். வாயைத் திறந்தால் பிறந்த வீட்டுக்குப் பேசுகிறாள் என்பார்கள். அதற்குப் பிறகு அவள் போனை யார் தேருக்குப் பக்கத்தில் விடுவார்கள்? மாமாவோடு ஒரே பாதையில் இருபது நிமிடம் இறங்கிப்போய், அவருக்கே ரொட்டி சுட்டுப் போடவும் வேண்டும். மேலே லயத்தில் அம்மா இன்னொரு வருடமும் கறுத்த வாழைப்பழத்தோடு இருட்டில் நிற்பாள். அம்மாவுக்கு அது பழக்கம்தான். ஆனால் இந்த முறை அப்படி நிற்க வைத்தது தன் படம் என்று கௌசிகாவுக்குத் தெரிந்திருக்கும்.

“மாமா, வாட்ச்ச எந்தக் கையில கட்டுவீங்க?”

“இந்தா, இந்தக் கையில. ஏன், மணி பாக்கணுமா?”

“படத்துல அந்தக் கையில இருக்கு.”

மறுபடி நான்கு தலைகள். நாய்கூட எழுந்து வந்து பார்த்தது.

“அன்னைக்கு மாத்திக் கட்டியிருப்பேன்,” என்றார் லிங்கம்.

“குளிக்கக் கழட்டாத மனுசன்,” என்றாள் ரெங்கம்மா.

கௌசிகா சொன்னாள். செல்ஃபி மாறி விழுகிறது, கண்ணாடி மாதிரி. அதனால் கயிறும் மாறி நிற்கிறது. சுருக்கமாகச் சொன்னாள். போனில் படத்தைத் திருப்புகிற இடத்தைத் தொட்டாள். வடிவம்மா வலப்பக்கம் போனாள், லிங்கம் இடப்பக்கம் வந்தார், கடிகாரம் இடக்கைக்குத் திரும்பியது.

“இது என்னா வித்தை? நீ தட்டுனா சாமிக்கு வலது எடதா மாறுமா?” லிங்கத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. “சித்தி மொகத்தப் பாத்ததும் அம்மா வூட்டு ஞாபகம் வந்துருச்சு.”

“நான் அவ பக்கமே திரும்பல அண்ணே, கோழியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்,” என்றாள் வடிவம்மா.

பிள்ளைக்காம்பராவில் முகம் கழுவும் தொட்டிக்கு மேல் கண்ணாடி ஒன்று உண்டு. மூன்று வயதுப் பிள்ளையின் உயரத்தில் அடித்தது. கௌசிகா அதைக் காட்டினாள். “அதுல பாருங்க மாமா. அதுக்குள்ள இருக்கிறவரு எந்தக் கையில கட்டியிருக்காருன்னு.”

லிங்கம் முழங்காலில் இறங்கினார். ஒரு கையைத் தூக்கினார். கீழே விட்டார். மறு கையைத் தூக்கினார். கண்ணாடிக்குள் இருந்தவர் வலக்கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு அவரையே முறைத்தார். கௌசிகா பின்னால் குனிந்து, இருவரும் விழும்படி ஒரு செல்ஃபி எடுத்து நீட்டினாள். அதிலும் வலக்கை. போனைத் திருப்பிப் பின்பக்கக் கேமராவில் அவரை நேராக ஒன்று எடுத்தாள். இடக்கை.

“மாஸ்டர், நீங்க என்னா சொல்றீங்க?” என்று லிங்கம் முழங்காலில் இருந்தபடியே கேட்டார்.

மாஸ்டர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். “நான் போட்ட கணக்குச் சரி. கேள்விதான் பிழை.”

“கயித்தத் தொட்டாச்சுன்னா முறை முடிஞ்சது,” என்றாள் வடிவம்மா. “எழுதியிருக்கியா கௌசி? யாரு சொன்னதுன்னு பேரும் போடு.”

ரெங்கம்மாதான் முதலில் சிரித்தாள். அப்புறம் மாஸ்டர். லிங்கத்தின் தோள் குலுங்குவதைப் பார்த்து, அழுகிறாரோ என்று கௌசிகா பயந்தாள். அவர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“அறுபத்தி நாலு வயசுல தொட்டிக்கு முன்னால முட்டி போட வச்சிட்டா, மாஸ்டர். சொந்த மருமக.”

ஆகவே வலக்கயிறு மேக்கணக்குக்கு. அவள் எழுதினாள். இரண்டாவது விசயத்தை யாரும் எடுக்கவில்லை. ரெங்கம்மா சாவியைக் குலுக்கினாள். மாஸ்டர் செருப்பைத் தேடினார். கேட்கலாமா, இன்னொரு நாள் கேட்கலாமா என்று கௌசிகா நாயைப் பார்த்தாள்.

“படம் எடுக்கிறது யாருன்னு முடிவாகலையே,” என்றார் லிங்கம், சுவரைப் பிடித்து எழுந்துகொண்டே. “ஸ்டூடியோக்காரன் வேணாம். அவன் துரையத்தான் எடுப்பான். புள்ளயே எடுக்கட்டும். பின்னுக்கு இருக்கிற கேமராவுலதான் எடுக்கணும். மூஞ்சி பக்கம் திருப்பக் கூடாது. என் வாட்ச் இந்தக் கையிலதான் இருக்கணும். இதையும் எழுதிக்க.”

“என்னை முழுசா எடுக்கணும். முழங்கை மட்டும் வேணாம்,” என்றாள் வடிவம்மா.

“ஏகமனதா எண்டு போடும்,” என்றார் மாஸ்டர்.

அவள் போட்டாள். போடும்போது எழுத்து இரண்டு முறை பிழைத்தது.

வெளியே மூடுபனி விலகி, தேயிலைக்கு மேல் வெயில் வந்திருந்தது. எப்படி விழுகிறது என்று இப்போதே ஒன்று எடுத்துப் பார்க்கலாம் என்று கௌசிகா சொன்னாள். மாஸ்டரும் வடிவம்மாவும் வாசற்படியில் நின்றார்கள். நாய் முன்வரிசையில் உட்கார்ந்தது. லிங்கத்தைக் காணவில்லை. எட்டிப் பார்த்தால் உள்ளே தொட்டிக்கு முன்னால் மறுபடி முழங்காலில் இருந்தார், தண்ணீர் தொட்டுத் தலை வாரிக்கொண்டு.

“நாலு அஞ்சாச்சு,” என்றாள் ரெங்கம்மா. “வாரீங்களா, உள்ளயே வச்சுப் பூட்டவா?”

“வகிடு கோணலா விழுது. எந்தப் பக்கம்னே தெரியல.”

“அங்க கோணலா தெரிஞ்சா இங்கயும் கோணல்தான். வாங்க.”

அவர் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, இடக்கை நன்றாகத் தெரியும்படி நெஞ்சில் வைத்துக்கொண்டு படி இறங்கினார். ரெங்கம்மா அவருக்குப் பின்னால் கதவைச் சாத்தி, பூட்டைப் போட்டு, ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.