புத்தியில்லாத ஐந்து பேர் தேவை

ஆண்டவர் வருகைக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலம் தொடங்கியதும் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மலையாளிகள் நடுவே இருந்த அந்தத் தமிழ்ச் சபைக்கு விழிப்பு வந்துவிட்டது. போன கிறிஸ்துமஸுக்குப் படுத்துத் தூங்கியவர்களுக்கு வரும் விழிப்பு. ஆலய வாசலில் ‘ஆயத்தமா?’ என்று ஃபிளெக்ஸ் தொங்கியது. வரப்போகிறவர் பெயர் அதில் ஒரு மூலையில் இருந்தது. நடுவில் சபைச் செயலர், காண்ட்ராக்டர் வன்னியராஜ் கைகூப்பி நின்றார்.

முதல் ஞாயிறன்று நாடகம் என்று கமிட்டி தீர்மானித்தது. பத்துக் கன்னியர் உவமை. மணவாளனுக்காக விளக்கேற்றிக் காத்திருக்கும் பத்துப் பேரில் புத்தியுள்ள ஐவரிடம் எண்ணெய் இருக்கும், கல்யாண வீட்டுக்குள் போய்விடுவார்கள். மற்ற ஐவர் எண்ணெய் தேடி ஓடித் திரும்புவதற்குள் கதவு அடைபட்டிருக்கும். காத்திருந்தபோது பத்துப் பேருமே தூங்கித்தான் வழிந்தார்கள் என்பதைக் கமிட்டி சௌகரியமாக மறந்துவிட்டது.

ஆள் பிடிப்பதில்தான் சிக்கல். வன்னியராஜின் மகள் புத்தியுள்ளவள். டாக்டரின் மகளும் அப்படியே. பேங்க் மேனேஜர் தன் இரண்டு பெண்களின் புத்திக்கும் தானே சாட்சி சொன்னார். புத்தியுள்ளவர்கள் பக்கம் தள்ளுமுள்ளு. இன்னொரு பக்கத்துக்கு ஒரு குஞ்சும் கிடைக்கவில்லை. அப்போதுதான் யாருக்கோ லைன் வீடுகள் ஞாபகம் வந்தன. கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்தவர்கள் அடைந்து கிடக்கும் அந்த ஒற்றை அறைகளிலிருந்து ஐந்து பெண்களும் அரை மணி நேரத்தில் கிடைத்துவிட்டார்கள்.

அவர்களில் ஒருத்தி அனுஷா. மைக் இல்லாமலே கடைசி பெஞ்சுவரை கேட்கும் குரல் என்று, தள்ளுமுள்ளு தொடங்கும் முன்பு அவளைப் புத்தியுள்ளவளாகத்தான் எடுத்திருந்தார்கள். டாக்டர் மகள் வந்ததும் அவளுக்குப் புத்தி போய்விட்டது.

ஓட்டலில் காய் நறுக்கும் அவள் அம்மா பொன்னம்மை இதைக் கேட்டதும் கத்தியைப் போட்டுவிட்டு எழுந்தாள். கையில் வெங்காய நாற்றத்தோடே போதகர் வீட்டுக்குப் போனாள். போதகர் உட்காரச் சொல்லாமல் தாழ்மையைப் பற்றிச் சொன்னார். வேஷம்தானே என்றார். யார் ஆயத்தமானவர் என்பது மேலே உள்ளவருக்குத்தான் தெரியும் என்று விரலால் சீலிங் ஃபேனைக் காட்டினார்.

“அப்போ ஐயாவோட மோள அந்த அஞ்சுல ஒண்ணா நிறுத்துங்க. எம்மோளு நல்லதுல நிக்கட்டும்” என்றாள் பொன்னம்மை.

போதகர் கொஞ்சம் இருமினார்.

“அவளுக்குப் பரீட்சை உண்டு.”

மகளை அனுப்புவதில்லை என்று முடிவு செய்துகொண்டு திரும்பினாள். ஆனால் அனுஷா கெஞ்சினாள். புத்தியில்லாதவளின் கறுப்புத் துணியென்றாலும் மேடை மேடைதான் என்றாள். “நீ அங்க வந்து ஒண்ணும் பறையாத அம்மா. ஸ்கூல்ல எல்லாவரும் களியாக்கிச் சிரிக்கும்.” பொன்னம்மை வாயைத் திறப்பதில்லை என்று சத்தியம் செய்தாள். ஆனால் பிள்ளை ஊரார் முன்னால் அடைத்த கதவைப் பார்த்துக் கும்பிட்டு நிற்பதை எப்படித் தாங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஞாயிறு சாயங்காலம் மணவாளன் முக்கால் மணி நேரம் பிந்தினான். வன்னியராஜின் மகன் ஜெபசிங், நகரத்துக்கு வெளியே கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை, வழியெல்லாம் டிராஃபிக். உவமைப்படி தாமதம் சரிதான் என்று போதகர் மைக்கில் சமாளித்தார். ஒருவழியாக வெள்ளைப்பட்டு ஐவரும் உள்ளே போனார்கள். தெர்மோகோல் கதவு அடைபட்டது. கறுப்புத்துணி ஐவரும் வெளியே நின்று தட்டினார்கள்.

“நீங்கள் யாரென்றே எனக்குத் தெரியாது” என்றது உள்ளேயிருந்து ஜெபசிங்கின் குரல்.

இங்கே அழுதுகொண்டே போய்விட வேண்டும். நான்கு பேர் போனார்கள். அனுஷா நகரவில்லை. மேடையோரத்திலிருந்து வன்னியராஜ், “கரையணும், கரையணும்” என்று அழச் சொல்லிக் கையாட்டினார். பொன்னம்மை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

அனுஷா மறுபடி தட்டினாள்.

“நல்லாப் பாருங்க ஜெபசிங் அண்ணா. உங்க வீட்டு முன்கதவு வச்ச ஞானையனுக்க மோளாக்கும் நான். புது வீட்டுப் பால்காய்ச்சு அன்னைக்கு எங்கள பின்வாசல்ல இருத்திச் சோறு போட்டீங்க. இப்போ ஆளு தெரிஞ்சுதா?”

கடைசி பெஞ்சுவரை கேட்டது.

ஜெபசிங் நல்ல பையன். நடிக்கத் தெரியாதவன். “அய்யோ, ஞானையன் மேஸ்திரி மோளா? வா, வா” என்று கதவைத் தள்ளினான். தெர்மோகோல் மொத்தமாகச் சரிந்தது. பின்னால் கல்யாண விருந்து நிஜமாகவே நடந்துகொண்டிருந்தது. புத்தியுள்ள ஐவரும் வாய்நிறைய பிளம் கேக்கோடு விழித்தார்கள். அட்டைப்பெட்டியில் பாதி மிச்சம். அந்தப் பெட்டி வந்த செய்தியே மற்ற ஐவருக்குத் தெரியாது.

வன்னியராஜ் திரையை இழுக்கச் சொல்லி அலறினார். போதகர் ஓடிவந்து மைக்கைப் பிடித்தார். உவமையில் கதவு கடைசிவரை திறக்கவேயில்லை என்று சபையாருக்கு வெகுநேரம் விளக்கினார். பிறகு கண்ணை மூடி, இங்கே தவறுதலாகக் கதவு திறக்கப்பட்டதை மன்னிக்கும்படி ஜெபித்தார்.

எல்லாரும் ஆமென் சொன்னார்கள். பொன்னம்மை சொல்லவில்லை. அனுஷாவும் சொல்லவில்லை. திரைக்குப் பின்னால் மற்ற நான்கு பேரையும் கூப்பிட்டுப் பெட்டியைக் காலி செய்துகொண்டிருந்தாள்.