பையில் கட்டிய கம்பளி

ஆஸ்பத்திரியிலிருந்து தூசி எடுக்கும் பெண் பத்து மணிக்கு வருவதாக இருந்தது. முந்தின நாளே மெத்தையை வெயிலில் போட்டு அடித்து, உறைகளைக் கொதிநீரில் அலசிக் காயவைத்துவிட்டேன். லாட்ஜில் தினமும் பதினெட்டுப் படுக்கை மாற்றுகிறவள் நான். என் கட்டிலில் இன்னொருத்தி இயந்திரத்தை வைத்து உறிஞ்சிப் பார்க்கப் போகிறாள் என்றால் சும்மா இருக்க முடியுமா?

மகள் பிறந்ததுமே ஆஸ்பத்திரியில் அவளை ஓர் ஆய்வில் சேர்த்துக்கொண்டார்கள். எந்தக் குழந்தைக்கு ஆஸ்துமா வருகிறது, ஏன் வருகிறது என்று பார்க்க. வருஷத்துக்கு ஒருமுறை ரத்தம், ஒருமுறை படுக்கைத் தூசி. தூசியில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்குமாம். அதற்கு எதிராக ரத்தத்தில் உண்டாகும் பொருளின் அளவு இவளுக்கு வருஷா வருஷம் ஏறிக்கொண்டே வந்தது. நாலு வயதில், போன குளிர்காலத்தில், மூச்சு விசிலடிக்க ஆரம்பித்தது.

கடைசியாகப் போனபோது டாக்டர் காகிதங்களைப் புரட்டினார். "ரத்தத்தப் பாத்தா பூச்சிதான் காரணம்னு தெரியுது. ஆனா உங்க வீட்டுத் தூசியில மூணு வருஷமா பூச்சியே இல்லம்மா. அப்ப பகல்ல விட்டுட்டுப் போற காப்பகமாத்தான் இருக்கணும். இந்த வருஷத் தூசியையும் பாத்துட்டு, அங்க அனுப்புறத நிறுத்திடலாம்."

அதை நிறுத்தினால் என் வேலையும் நின்றுவிடும். இருந்தும் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

"தூசி அத்தை வந்தாச்சு," என்று மகள்தான் கதவைத் திறந்தாள். வந்தவள் மெத்தைமேல் இரண்டு நிமிஷம் குழாயை நகர்த்திவிட்டு, அதற்குள் தூசியைப் பிடிக்க வைத்திருந்த வடிதாளை எடுத்துப் பார்த்தாள். வெள்ளையாகவே இருந்தது.

"வீடு வீடா அழுக்கு கேட்டு அலையறேன். ஒருத்தரும் குடுக்க மாட்டேங்கறாங்க," என்று சிரித்தாள். பிறகு, "நான் வர்றேன்னு துவைச்சீங்களா?"

"ஒருத்தர் வீட்டுக்கு வந்தா கூட்டித் துடைக்க மாட்டோமா?"

"வருஷா வருஷமா?"

அவள் திட்டவில்லை, பேனாவை மூடிவைத்துவிட்டுக் காத்திருந்தாள். துவைத்ததைச் சுத்தம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பீரோவுக்கு மேலே பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருக்கிறேனே, அதை என்னவென்று சொல்வது? என் பழைய கம்பளி. அது முகத்தில் படாமல் மகள் தூங்கமாட்டாள். துவைத்தால் வாசனை போய்விட்டது என்று அழுவாள். அதனால் துவைப்பதே இல்லை. அழுக்கானது என்று தெரிந்துதான் ஒவ்வொரு வருஷமும் அதை மேலே ஏற்றினேன். எங்கள் வீட்டுக் குற்றத்தைக் காப்பகத்துப் பாய்களின் தலையில் கட்டிவிட்டு, என் வேலை போகிறதே என்று நானே புலம்பிக்கொண்டும் இருந்தேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன்.

"இதுலதான் தூங்குவா. தினமும்," என்று பையை அவிழ்த்துக் கொடுத்தேன்.

இயந்திரம் மறுபடி உறுமியது. இந்த முறை வடிதாளில் சாம்பல் நிறத்தில் ஒரு சிட்டிகை தூசி. அதற்குள் என் தலைமுடி ஒன்று சுருண்டு கிடந்தது. அவள் அதை உறையில் போட்டு ஒட்டி, மகளின் எண்ணை எழுதினாள்.

"என்னோடது. குடு," என்று மகள் இரண்டு கையையும் நீட்டினாள். அவள் நெஞ்சுக்குள் அந்த விசில் சன்னமாகக் கேட்டது. கம்பளி என் கையில் இருந்தது. இயந்திரத்தின் சூடு அதில் இன்னும் ஆறவில்லை.